விளக்குக்காரம்மா இறங்க வேண்டிய ஊர்

என் மாப்பிள்ளை ஓட்டுகிற பஸ்ஸில் ஏறினால் நான் என் வீட்டைத் தாண்டிப் போய்த்தான் இறங்குவேன். சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற தனியார் பஸ். முதுநகர் ஸ்டாப் வருவதற்கு முன்னாலேயே எங்கள் தெருமுனை வந்துவிடும். அங்கே ஸ்டாப் கிடையாது. ஆனால் மீன்கூடைக்காரம்மா யாராவது, "டிரைவரே, ஓரமா நிறுத்து, கூடைய எறக்கணும்" என்று ஒரு சத்தம் போட்டால் பஸ் நிற்கும். யார் கேட்டாலும் நிற்கும். நான் கேட்க மாட்டேன்.

மாமியார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுவது எங்கள் குடும்பத்தில் இல்லை. அவர் கூடத்துக்கு வந்தால் நாங்கள் அடுப்படிக்குப் போய்விடுவோம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகளிடம் சொல்லுவோம். மகள் பக்கத்தில் இல்லையென்றால் சுவரைப் பார்த்துச் சொல்லுவோம், அவர் காதில் விழுந்தால் விழட்டும் என்று. முப்பது பேர் உட்கார்ந்திருக்கிற பஸ்ஸில் எந்தச் சுவரைப் பார்த்து நான் சொல்லுவது? அவரும் வாயில்லாத மனுஷன். ரோட்டைப் பார்த்தால் ரோட்டைத்தான் பார்ப்பார். ஸ்டாப்பில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே வெயிலில் திரும்பி நடப்பேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, மகளிடம் ஒரு தடவை வாய் தவறிச் சொன்னதைத் தவிர.

தானே புயல் அடிப்பதற்கு முந்தின வருஷம், ஒரு மழை நாளில் அவர் டூட்டி முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போகும்போது சறுக்கி விழுந்து இடது முட்டிக்குக் கீழே எலும்பு உடைந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டு, பிறகு கட்டைப் பிரித்தார்கள். பிரித்தால் கால் பலகை மாதிரி நீட்டியபடி நிற்கிறது, மடங்க மாட்டேன் என்கிறது. கடலூரில் அவரைப் பார்த்த டாக்டர் மகளிடம் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். அடுத்த தடவை வரும்போது நாற்காலியில் உட்காருகிற மாதிரி முட்டி மடங்க வேண்டும். வலித்தாலும் அடிக்கடி மடக்கி மடக்கி நீட்ட வேண்டும். இல்லையென்றால் மயக்க மருந்து கொடுத்து அவர்களே மடக்குவார்களாம். அப்படியும் வரவில்லையென்றால் பஸ் ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான். இடது கால்தானே கிளட்ச் மிதிக்கிற கால்.

மகள் ஒரு தனியார் ஸ்கூல் ஆபீசில் வேலை பார்க்கிறாள். லீவு போட முடியாது. அவர் கூடவே இருந்து சோறு தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் தனிக்கட்டை. அதனால் நான்தான் துணிமணியை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனேன். காலையில் மகள் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் அந்த வீட்டில் அவரும் நானும்தான். நடுவில் ஒரு ஆள் கிடையாது.

வீடு என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கூடம், ஒரு அடுப்படி, பின்னால் குழாயும் பாத்ரூமும். நான் குழாயடிக்குப் போக வேண்டுமென்றால் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் இரண்டு நாள் தலைக்கு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினேன். அவரும் நான் வரும்போதெல்லாம் காலை இழுத்துக்கொள்ளப் பார்ப்பார். மரியாதைக்கு. காலோ மடங்காது. அவர் முகம் கோணிப்போகும். நான் பார்க்காத மாதிரி ஓடுவேன். இரண்டு பேருக்கும் அவஸ்தை.

அவர் தம்பி பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கிறவர். அண்ணன் சும்மா சீலிங்கைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாரே என்று, சென்டரில் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்தார். கூடவே ஒரு கேம்.

"அண்ணனுக்குப் பொழுது போவட்டும் அத்த" என்றார்.

பொழுது நன்றாகவே போயிற்று. காலையில் மகள் படி இறங்குகிற சத்தம் கேட்கும், அடுத்த சத்தம் அந்தப் பெட்டியின் விசிறி சத்தம். சாப்பாட்டு நேரத்துக்குச் சோற்றைப் போட்டுத் தட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தால், தட்டு வைத்த இடத்திலேயே இருக்கும். சோறு காயும். சாம்பார் மேலே ஆடை படியும். "அஞ்சு நிமிஷம்" என்று காற்றிடம் சொல்லுவார். அவருடைய அஞ்சு நிமிஷத்தில் நான் ஒரு மூட்டை துணி துவைத்துவிடுவேன். காலை மடக்குவதைப் பற்றிப் பேச்சே கிடையாது. சாயங்காலம் மகள் வந்து, "மடக்கினீங்களா?" என்றால், "ம்" என்பார். அவள் அடுப்படிக்கு வந்து என்னிடம், "மடக்கினாராம்மா?" என்பாள். நான் என்ன சொல்லட்டும்? இல்லை என்று சொன்னால் சண்டை. ஆமாம் என்றால் பொய். வெங்காயத்தை உரித்துக்கொண்டிருப்பேன்.

அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்து காய் நறுக்கினால் எனக்கு அவர் முதுகும், அதற்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டரும் தெரியும். வேறு பார்க்க என்ன இருக்கிறது? பார்த்தேன். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். தமிழ் நன்றாகப் படிப்பேன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு வளைத்துப் போட்ட கம்பிதான். அதில் கீழே வருகிற எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அவரும் அதைப் படிக்கிறவராகத் தெரியவில்லை. எழுத்து வந்ததும் ஒரு பட்டனை டக் டக்கென்று தட்டித் தள்ளிவிடுவார்.

ஒரு கத்திக்காரன். அவன்தான் அவர். கத்தியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். போகிற ஊரிலெல்லாம் யார் வீடு என்று பார்க்காமல் செருப்புக் காலோடு உள்ளே நுழைகிறான். வீட்டுக்காரர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே அவர்கள் பானையை உடைக்கிறான், பெட்டியைத் திறக்கிறான், இருப்பதை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். ஒருத்தரும் ஏன் என்று கேட்பதில்லை. நல்ல பையன் என்றுதான் பேர் போலிருக்கிறது. எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். நம் வீட்டுப் பானையாக இருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன்.

அவன் கூட மூன்று பேர் போவார்கள். வில் வைத்திருக்கிற ஒரு சின்னப் பொண்ணு. மீசை வைத்த ஒரு குண்டு ஆள். கடைசியாக ஒரு அம்மா. நரைத்த கொண்டை, முதுகில் மூட்டை, கையில் ஒரு விளக்கு. விளக்குக்காரம்மா என்று நானே பேர் வைத்துக்கொண்டேன்.

அந்தம்மாவைக் கவனிக்க ஆரம்பித்த பிறகு என்னால் வேறு யாரையும் பார்க்க முடியவில்லை. சண்டை என்றால் மற்ற மூன்று பேரும் குதிப்பார்கள், கத்துவார்கள். அந்தம்மா பின்னால் நிற்கும். சண்டை முடிந்ததும் ஓசைப்படாமல் போய் அடிபட்டவனுக்கு மருந்து தடவும். அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். குகைக்குள் போனால் அந்தம்மா விளக்கில்தான் எல்லாருக்கும் வழி தெரியும். ஒரு தடவை அந்தம்மா எங்கேயோ மாட்டிக்கொண்டு பின்தங்கிவிட்டது. திரை பூராவும் கறுப்பு. "என்னா எழவு, ஒண்ணும் தெரியல" என்று இவர் பட்டனைப் போட்டு அடித்தாரே தவிர, விளக்கு வரவில்லையே என்று ஒரு யோசனை இல்லை.

இன்னொன்று இருந்தது. அவர்களுக்குச் சட்டை துணி மாட்டிவிடுகிற இடம் ஒன்று வரும். ஒவ்வொரு ஆளாக நிறுத்தி, தலைக்கு, மேலுக்கு, காலுக்கு என்று கட்டம் போட்டிருக்கும். மூன்று பேருக்கும் எல்லாக் கட்டத்திலும் பொருள். அந்தம்மாவுக்கு மட்டும் கால் கட்டம் காலி. வெறுங்காலோடு மலையும் முள்ளுமாக நடக்கவிட்டிருக்கிறார். தினமும் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்ப்பேன். தினமும் கோபம் வரும்.

அந்தம்மா பேசினால் கத்திக்காரன் பக்கம் திரும்பாது. வில்லுக்காரப் பொண்ணு பக்கம் திரும்பித்தான் பேசும். கடைக்குள் அவன் நுழைந்தால் அந்தம்மா வாசலோடு நின்றுவிடும். அவன் நின்றால் இரண்டடி தள்ளி நிற்கும். எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அந்தம்மா அவனுக்கு மாமியார். வில்லுக்காரப் பொண்ணு மகள். மகளை ஒண்டியாக அனுப்ப மனசில்லாமல் கூடப் போகிறது. வேறு என்னவாக இருக்க முடியும்? எந்த நாட்டுக்காரனோ செய்த கேம், ஆனால் விவரம் தெரிந்துதான் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் கோபம் இரண்டு மடங்காயிற்று.

ஒருநாள் மிளகு ரசம் வைத்திருந்தேன். ஆவி பறக்க வைத்தது ஆறி, மறுபடி சுட வைத்தது மறுபடி ஆறி, மூன்றாம் தடவை அடுப்பைப் பற்ற வைக்கும்போது எனக்குத் தாங்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை அந்தம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

"ஏம்மா விளக்குக்காரம்மா, பின்னாடி சும்மாதான நிக்கிற. அவர கொஞ்சம் சாப்புடச் சொல்லேன். ரசம் தண்ணியா போச்சி."

அவர் கை நின்றது. திரும்பவில்லை. அவரும் கம்ப்யூட்டரைப் பார்த்தே சொன்னார்:

"இந்தக் குகைய முடிச்சிட்டு வரேன்னு சொல்லும்மா."

"குகை எங்கயும் ஓடிப் போவாது. ரசந்தான் ஆறும்."

"சரி, எடுத்தாரச் சொல்லு."

அன்றைக்குத்தான் அவர் சூடாகச் சாப்பிட்டார். எனக்கும் ஒரு வழி கிடைத்தது. சுவரைவிட அந்தம்மா பரவாயில்லை, முகம் என்று ஒன்று இருக்கிறது. மறுநாளிலிருந்து எது வேண்டுமானாலும் அந்தம்மாவிடம்தான். "குளிக்கத் தண்ணி வெச்சாச்சின்னு சொல்லும்மா." "வரேன்னு சொல்லும்மா." "உப்பு ஜாஸ்தியா?" "இல்ல, சரியா இருக்குன்னு சொல்லு." பொய். நானே சாப்பிட்டுப் பார்த்தேன், கரித்தது.

காலைப் பற்றி மட்டும் நடக்கவில்லை.

"காலை மடக்கச் சொல்லும்மா."

"வலிக்குதுன்னு சொல்லு."

"வலிக்கும்னுதான டாக்டரே சொன்னாரு."

பட்டனை டக் டக்கென்று தட்டுவார். எனக்கு அதுவே பதில். டாக்டரிடம் போகிற நாள் கிட்டே வந்துகொண்டிருந்தது. மயக்க மருந்து கொடுத்து முட்டியை முறிக்கிற மாதிரி மடக்குவார்கள் என்று பக்கத்து வீட்டம்மா வேறு சொல்லி வைத்திருந்தாள். மகள் ராத்திரியில் தூங்குவதில்லை என்று அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ரூட்டில் அவர் இடத்துக்கு வேறு டிரைவரைப் போட்டிருந்தார்கள். கால் வரவில்லையென்றால் அந்த இடம் அந்த ஆளுக்கே போய்விடும். இவருக்கு வேறு வேலையும் தெரியாது. இவரோ பானை உடைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பெட்டி பழசு. கேமில் ஒரு வாசலுக்குள் நுழைந்தாலோ ஒரு ஊரை விட்டு வெளியே போனாலோ படம் நின்று, ஒரு கோடு மெதுவாக நிரம்பும். நிரம்பி முடிந்தால்தான் அடுத்தது வரும். அதுவரைக்கும் இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அரிசியில் கல் பொறுக்கி முடித்துவிடலாம். கையைக் கட்டுகிற நேரத்தில் காலை மடக்கினால் என்ன என்று எனக்குத் தோன்றும். சொல்லத்தான் வரவில்லை.

ஒரு நாள் பகலில் கேமில் புதிதாக ஒருத்தன் வந்தான். கோடாலிக்காரன். தூண் மாதிரி கை. மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு பேருக்கு மேல் கூடப் போக முடியாது போலிருக்கிறது. நாலு பேர் முகமும் வரிசையாக வந்தது. ஒருத்தரை எடுத்தால்தான் கோடாலிக்காரன் வரலாம். அம்புக்குறி கத்திக்காரன் மேல் நிற்கவில்லை, பொண்ணு மேல் நிற்கவில்லை, மீசைக்காரன் மேல் நிற்கவில்லை. நேராக அந்தம்மா முகத்துக்குப் போயிற்று.

"வேணாம்!" என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர் முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதே எனக்குத் தெரியாது.

"என்னையா சொன்னீங்க அத்த?"

"அந்தம்மாவ அனுப்பாதீங்க. ஊரு பேரு தெரியாத காட்டுல கொண்டாந்து, இன்னொருத்தன் வந்துட்டான்னு அங்கியே வுட்டுட்டுப் போவீங்களா? அவ்வளவு தூரம் விளக்கு புடிச்சிக்கிட்டு வந்துச்சி. காலுக்கு ஒரு செருப்பு வாங்கிக் குடுக்கல. மாமியார நடுக்காட்டுல வுட்டுட்டுப் போறவன் ஒரு மனுசனா?"

"மாமியாரா? யாருக்கு மாமியாரு?"

"அவனுக்குத்தான். கத்திக்காரனுக்கு."

அவர் என்னைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். விழுந்ததிலிருந்து அந்த மனுஷன் சிரித்து நான் பார்க்கவில்லை. கட்டில் ஆட ஆடச் சிரித்தார். காலில் ஆட்டம் பட்டு, "ஐயோ வலிக்குது" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். நான் அடுப்படிக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். காது சுட்டது. கோடாலிக்காரனைச் சேர்த்தாரா இல்லையா என்றுகூடப் பார்க்கவில்லை.

சேர்க்கவில்லை. சாயங்காலம் மகள் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டார்.

"ஏய், இங்க வா. உங்கம்மா என்னா சொன்னாங்க தெரியுமா?"

அவளும் சேர்ந்து சிரித்தாள். என் வயிற்றில் பிறந்தது. பிறகு, "சரி, நெஜமா அந்தம்மா யாரு அவனுக்கு?" என்றாள்.

"தெரியாது."

"தெரியாதா? இத்தன நாளா கூட்டிக்கிட்டுச் சுத்துறீங்க."

"இங்கிலீசுல நீட்டி நீட்டி எழுதி வருது. யாரு படிக்கிறது? அதுக்குள்ள எவனாவது வெட்ட வந்துடுறான்."

"அவங்க மேல அமுக்குங்க. பேசுவாங்களான்னு பாப்போம்."

இத்தனை நாளில் அவர் அந்தம்மா மேல் அமுக்கியதே இல்லையாம். அமுக்கினார். எழுத்து வந்தது. தட்டித் தள்ளப் போனவர் கையைப் பிடித்துக்கொண்டு மகள் படித்தாள். அடுப்படி வாசலில் நின்று நானும் கேட்டேன். அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். அந்தம்மா யாருக்கும் மாமியார் இல்லை, அம்மாவும் இல்லை. மருந்து இலை விற்கிறவள். சந்தைக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்பும்போது வழியில் திருட்டுப் பயம். இவர்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள் என்று கூட வந்திருக்கிறாள். ஊர் வந்ததும் இறங்கிக்கொள்வதாகத்தான் பேச்சு.

"எந்த ஊராம்?" என்றார்.

மகள் பேரைச் சொன்னாள். அவர் முகம் மாறியது.

"அது ஆரம்பத்துலயே வந்துடுச்சே. மாவு மில்லு ஒண்ணு இருக்கும், ஆத்தோரமா. அந்த ஊரு."

எனக்கும் நினைவிருந்தது. ஒரு வீடு விடாமல் பானை உடைத்த ஊர்.

"அப்ப ஏன் எறக்கி வுடல?" என்றாள் மகள்.

"அவங்க சொல்லலியே."

"சொல்லியிருப்பாங்க. நீங்கதான் தட்டித் தட்டித் தள்ளிட்டீங்களே."

"சத்தமா ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான? ஊரு வந்தா எறங்கணும்னு கேக்கக்கூட வாய் இல்லன்னா எப்பிடி? எங்க பஸ்ஸுல பாரு, ஒவ்வொருத்தியும் என்னா சத்தம் போடுறா."

மகள் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"எங்கம்மா போடுறாங்களா? உங்க பஸ்ஸுல வந்தா அவங்க வீட்டத் தாண்டி ஸ்டாப் வரைக்கும் போயி, எறங்கி, திரும்பி நடந்து போறாங்க. கல்யாணம் ஆனதுலேருந்து. ஒங்களுக்குத் தெரியுமா?"

நான் தட்டு கழுவுவதற்காகக் குழாயடிக்குப் போய்விட்டேன். கழுவத் தட்டே இல்லை. கழுவின தட்டையே மறுபடி கழுவினேன். எதை எங்கே சொல்ல வேண்டும் என்று அவளுக்கு எப்போதும் தெரியாது.

மறுநாள் மகள் போன பிறகு விசிறிச் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். பெட்டியை அணைத்தபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அத்த."

நான் சுவர் ஓரமாக நின்றேன்.

"திரும்பிப் போயி அந்தம்மாவ எறக்கி வுட்டுட்டு வந்துடலாமா?"

என்னைக் கேட்கிறார். சினிமாவுக்குப் போகலாமா என்று கேட்பது போல. எனக்கு வந்த எரிச்சலில் கூச்சம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"போலாம். எத்தன வாசல் தாண்டணும்?"

"நெறைய இருக்கு. எல்லா ஊரும் திரும்பப் போவணும்."

"ஒவ்வொரு வாசல்லயும் அந்தக் கோடு ரொம்புற வரைக்கும் நீங்க காலை மடக்கணும். மடக்கலன்னா அந்தம்மா அங்கியே நிக்கட்டும். நானும் இன்னைக்கே ஊருக்குப் போறேன்."

அவர் பெட்டியைப் போட்டார். முதல் வாசல் வந்தது. கோடு நிரம்ப ஆரம்பித்தது. கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு, வலது காலால் இடது காலைப் பின்னுக்குத் தள்ளினார். தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னால் பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் போதும் என்று சொல்லவில்லை. கோடு நிரம்பட்டும் என்றேன்.

அப்படியே போனோம். குகை வாசல், ஊர் வாசல், கோட்டை வாசல். போன வழிதானே, எதிரி எல்லாம் செத்துத்தானே கிடப்பான் என்று பார்த்தால், கொன்றவன் எல்லாரும் மறுபடி எழுந்து நிற்கிறான். அது என்ன கணக்கோ. சண்டை வந்தால் காலை விட்டுவிடுவார். முடிந்ததும் அந்தம்மா போய் மருந்து தடவும். இப்போது அவர் அதைப் பார்த்தார். "பாருங்க அத்த, யாருக்கு ஜாஸ்தி அடின்னு பாத்துப் பாத்துத்தான் போறாங்க" என்றார், ஏதோ அவர்தான் கண்டுபிடித்த மாதிரி. நான் முதல் வாரத்திலேயே பார்த்தது.

பாதி வழி வந்திருப்போம், கரண்ட் போய்விட்டது. அந்தக் காலத்தில் அதற்கு நேரம் வைத்துத்தான் நிறுத்துவார்கள். அன்றைக்கு அந்த நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. வந்த பிறகு பார்த்தால் ஆரம்பித்த இடத்திலேயே நாலு பேரும் நிற்கிறார்கள்.

"சேவ் பண்ணி வெக்கலியா?" என்றேன். அந்த வார்த்தையெல்லாம் எனக்குப் பழகிவிட்டது.

"மறந்துட்டேன்."

"மடக்குறதுலயே நெனப்பு இருந்திருக்கும்" என்று நானே அவருக்கு ஒரு சாக்கு சொல்லிக் கொடுத்தேன். மறுபடி முதலிலிருந்து எல்லா வாசலும். முட்டிக்கு நல்லதுதான். என் பொறுமைக்குத்தான் நல்லதில்லை. ஒரு நாளில் முடிய வேண்டியது நாலைந்து நாள் இழுத்தது. நடுவில் ஒரு ஊர்ச் சந்தையில் நின்று என்னவோ நோண்டிக்கொண்டிருந்தார்.

"அங்க என்னா வேல? கெளம்புங்க."

"செருப்பு வாங்கிட்டேன் அத்த. பாருங்க."

காலிக் கட்டத்தில் ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு இருந்தது. ஊர் கிட்டத்தில் வந்த பிறகு வாங்குகிறார். இதை முதலில் வாங்கியிருந்தால் அந்த மலையெல்லாம் செருப்போடு ஏறியிருக்கும். வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, "ம்" என்றேன்.

மாவு மில் தெரிந்தது. ஆற்றோரமாகக் கடைசி வீடு. அந்தம்மா தானாகவே வரிசையை விட்டு முன்னால் போயிற்று. அது முன்னால் நடந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். வாசலில் நின்று திரும்பியது. எழுத்து வந்தது. அவர் தட்டவில்லை. உதட்டை அசைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் படித்தார்.

"தேங்ஸுன்னு சொல்லுது. விளக்க நீங்களே வெச்சிக்குங்கங்குது. அந்தப் பொண்ணுகிட்ட குடுக்குது."

"உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்கன்னு சொல்லலியா?"

"அப்பிடி ஒண்ணும் இல்ல."

கதவு சாத்திக்கொண்டது. அவ்வளவுதான். எனக்கு ஒப்பவில்லை.

"கதவத் தட்டுங்க."

தட்டினார். திறக்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்தார். "உள்ள வீடே செய்யல அத்த. வெறும் செவுருதான். கதவ படமா வரஞ்சி வெச்சிருக்கான்."

உடைக்கிற பானைக்கெல்லாம் உள்ளே காசும் துணியும் வைத்துச் செய்யத் தெரிந்தவனுக்கு, அந்தம்மாவுக்கு ஒரு அடுப்படி செய்து வைக்கக் கை வரவில்லை. யார் செய்தானோ, அவன் வீட்டில் அவனுக்குச் சோறு போடுகிறவளிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேசியிருப்பானா என்று நினைத்தேன். அடுப்பில் பால் வைத்திருந்தது பொங்கிவிட்டது. அதையும் அவன் கணக்கில் எழுதினேன்.

அந்தம்மா போன பிறகு, அந்த இடத்தில் கோடாலிக்காரனைச் சேர்த்தும் அவர்கள் ஒரு குகையைக்கூடத் தாண்டவில்லை. விளக்கு இருந்தது, மருந்து தடவத்தான் ஆள் இல்லை. கோடாலிக்காரன் முதலில் விழுந்தான். பின்னாலேயே மற்றவர்களும். மாப்பிள்ளை இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, "உங்க பேச்சக் கேட்டு ஆளத் தொலச்சிட்டேன்" என்று சொல்லிப் பெட்டியை மூடினார். எனக்கு வருத்தமில்லை. ஆனால் வாசல் இல்லாமல் போனதும் மடக்குவதையும் நிறுத்திவிட்டார். மறுபடி நான் கத்த வேண்டியதாயிற்று. இப்போது நடுவில் ஆள் இல்லை. நேராகத்தான் கத்தினேன்.

கடலூரில் டாக்டர் முட்டியைப் பிடித்து அழுத்தினார். நாற்காலி அளவுக்கு இன்னும் கொஞ்சம் குறைச்சல்தான் என்றார். ஆனால் மயக்க மருந்தெல்லாம் வேண்டாம், இதே மாதிரி விடாமல் செய்தால் வந்துவிடும் என்றார். "வீட்ல யாரு செய்ய வெக்கிறது?" என்று கேட்டார். மாப்பிள்ளை என்னைக் காட்டினார். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே வந்ததும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரி வாசலில், நாலு பேர் பார்க்க. சும்மா இரு என்றேன்.

பொங்கல் கழிந்து அவர் டூட்டிக்குப் போனார். நான் என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள், மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவர் பஸ் வந்தது. ஏறினேன். எனக்கு அன்றைக்கு முதுநகரையும் தாண்டித் திருப்பாதிரிப்புலியூர் வரைக்கும் போக வேண்டும். கண்ணாடிக் கடையில் என் மூக்குக்கண்ணாடி தயாராக இருந்தது, அதை வாங்க. டிக்கெட்டும் அதற்குத்தான் எடுத்தேன். லேடீஸ் சீட்டிலிருந்து பார்த்தால் அவர் இடது முட்டி தெரியும். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் அது மேலே வந்து கீழே போயிற்று. ஆலப்பாக்கம் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் தெருமுனை வந்தது. பஸ் நின்றது.

"என்னாண்ணே, இங்க ஸ்டாப் இல்லியே" என்றார் கண்டக்டர்.

"அத்த எறங்கணும்" என்றார் மாப்பிள்ளை. ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆனால் பஸ் பூராவும் கேட்கிற மாதிரி.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் ஒருத்தர், "மாமியாருக்குத் தனி ஸ்டாப்பாம்ப்பா, எறங்குங்கம்மா, நேரமாவுது" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். கண்டக்டர் என் பையைத் தூக்கிக்கொண்டார். டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் மாப்பிள்ளையின் முகம் தெரிந்தது. அவ்வளவு திருப்தி அந்த முகத்தில்.

நான் திருப்பாதிரிப்புலியூர் போகணும், வண்டியை எடுங்கள் என்று சொல்ல வேண்டியதுதானே. காலை மடக்கு என்று கத்தின வாய்தானே. வரவில்லை. எழுந்தேன், இறங்கினேன். அவர் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

கையில் திருப்பாதிரிப்புலியூர் டிக்கெட். முதுநகர் ஸ்டாப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன், அடுத்த பஸ்ஸைப் பிடிக்க. அதே வெயில். இந்தத் தடவை முன்பக்கமாக.